திரை போடாத பந்தி

எங்கள் ஊர்ப் பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை எதைக் கற்றாலும் கல்லாவிட்டாலும், சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு கைகூப்பி இருக்கக் கற்றுவிடும். தை மாதத்தில் அழுதுகொண்டு வந்து சேரும் பிள்ளை பங்குனிக்குள் இந்த வித்தையில் தேறிவிடும். கண்ணை மூடச் சொன்னால் மூடும். சிரிக்கச் சொன்னால் சிரிக்கும். எதிரே மாலை சூட்டி வைத்த படத்தில் உள்ளவர் யாரென்று அறியாமலே அவருக்கு நன்றி சொல்லும். இந்த அரிய கல்வியை அதற்கு ஊட்டிய நிருவாக சபைக்கு நான் ஆறு ஆண்டுகளாகத் தலைவன். ஆகவே இதை இகழ்ந்து எழுதும் உரிமை வேறெவரையும்விட எனக்கு அதிகம்.

பாடசாலை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், கரம்பொனில், கோயிலின் மேற்கு மதிலை ஒட்டி இருக்கிறது. இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு வேம்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். நான் தென்னிலங்கைப் பட்டினமொன்றில் பல வருடம் கடை நடத்திப் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, எஞ்சிய காலத்தைக் கோயிலுக்குக் கொடுப்பதென்று ஊர் திரும்பியவன். காலைப் பூசையில் பதிகம் ஓதுவேன். குரல் இன்னும் கெடவில்லை. வெள்ளை வேட்டியும் குரலும் உள்ளவனைப் பிடித்துத் தலைவனாக்குவது எங்கள் ஊர் வழக்கம். ஐந்து வயதுப் பிள்ளையின் மனம் எப்படி வளர்கிறது என்று எனக்கு ஏதேனும் தெரியுமா என ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தெரியும் என்றே சொல்லியிருப்பேன்.

தீவுப்பகுதியில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் இலண்டனிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் இறந்த திதி வரும்போது அவர்களுக்கு ஊர் நினைவு வரும். சமைப்பதற்கு வீடு திறந்தில்லை. உண்பதற்கு உறவினர் இல்லை. ஆதலால் பாலர் பாடசாலைக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது என்றொரு வழக்கம் உண்டாயிற்று. விருந்தினராக ஐந்து வயதுப் பிள்ளைகளைக் காட்டிலும் வசதியானவர் கிடையாது. சொன்ன நேரத்துக்கு இருப்பார்கள். உப்புக் குறைவென்று முகம் சுளிக்கமாட்டார்கள். பந்தியில் இருந்துகொண்டு பழைய காணிச் சண்டையைக் கிளறமாட்டார்கள். படத்தில் அழகாக விழுவார்கள்.

அந்தப் படத்துக்கு அதிபதி எங்கள் செயலாளர். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். வாழ்நாள் முழுவதும் பிறர் அனுப்பிய செய்திகளைச் சுமந்தவருக்கு, தாமே செய்தி அனுப்பும் பாக்கியம் முதுமையில் வாய்த்தது. பதாகை அச்சடிப்பிப்பது, இறந்தவரின் படத்துக்கு மாலை போடுவது, பிள்ளைகளை உயரப்படி வரிசையில் இருத்துவது, போனைத் தாங்கியில் நிறுத்துவது எல்லாம் அவர் கைங்கரியம். முதலில் சோறு பரிமாறவேண்டும். அதன்பின் படம். படத்தின்பின் வணக்கம். வணக்கத்தின்பின் பிள்ளைகள் ஒரே குரலில் நன்றி. அதற்குப் பிறகே கைவைக்கலாம். கைவைத்த சோறு படத்தில் எடுபடாது என்பது அவருடைய கலைக்கொள்கை.

என் கைங்கரியம் பதிகம். இறந்தவரின் ஆன்மா இளைப்பாறும்பொருட்டு, பரிமாறிய சோற்றின் முன்நின்று பதினொரு பாட்டையும் பண் பிசகாமல் பாடுவேன். பாடினோர்க்குப் பயன் கூறும் கடைசிப் பாட்டை விட்டுவிட்டால் பதிகம் நிறைவாகாது என்பதில் நான் கண்டிப்பானவன். சோறு ஆறிப்போவதைப் பற்றி எனக்கு எந்தக் கண்டிப்பும் இருந்ததில்லை. இருபத்திரண்டு பிள்ளைகள் எச்சில் விழுங்கும் ஓசைக்கு மேலே என் குரல் எவ்வளவு கம்பீரமாக ஒலித்தது என்பதைச் செயலாளர் எடுத்த வீடியோக்களில் நானே பலமுறை கேட்டு மகிழ்ந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவர் வேலணையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் இளம் பெண். பாலர் கல்வியை முறையாகப் படித்தவர். அவருடைய முறை எங்களுக்குப் பிடிபடவில்லை. சிப்பியும் புளியங்கொட்டையும் கொண்டுவந்து, பெரிது சிறிதாகப் பிரிக்கச் சொல்வார். தட்டில் கடற்கரை மணலைப் பரப்பி விரலால் கோடு இழுக்க விடுவார். "மண் அளையவோ ரீச்சர் பிள்ளையைக் கூட்டியாறம்? முற்றத்திலை இல்லாத மண்ணோ?" என்று ஒரு தாய் கேட்டதை நான் பெரிய நுண்ணறிவாகப் பாராட்டினேன். முன்னைய வருடங்களில் கண்காட்சி என்றால் சுவர் முழுவதும் பிள்ளைகளின் ஓவியம் என்று தாய்மார் வரைந்தவை தொங்கும். ஒருமுறை முதற்பரிசு வாங்கிய மயிலை, கொழும்பிலிருந்து ஒரு மாமன் வரைந்து அனுப்பியிருந்தார். இவர் வந்ததும் அதை நிறுத்தினார். அவ்வருடச் சுவரில் வெறும் கிறுக்கல். பார்வையாளர் முன் தலைகுனிந்து நின்றோம்.

இன்னொரு பழக்கமும் அவர் கொண்டுவந்தார். காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு அவித்த பயறோ கடலையோ கொடுப்பது வழக்கம். தாய்மார் முறைவைத்து அவித்துக் கொண்டுவருவார்கள். இவருடைய வகுப்பில் எந்தப் பிள்ளையும் தன் தட்டில் தான் போட்டுக்கொள்ளக்கூடாது. பக்கத்தில் இருப்பவருக்குப் போட்டுவிட்டுக் கரண்டியை அவரிடம் கொடுக்கவேண்டும். அவர் அடுத்தவருக்கு. வட்டம் சுற்றிவர நேரம் பிடிக்கும்; பாதி நிலத்தில் சிந்தும். "காகத்துக்கும் சேர்த்து அவிக்கவேணும் போலை," என்று செயலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மாசி மாதக் கூட்டத்தில் அந்த ஆசிரியை ஒரேயொரு விண்ணப்பம் வைத்தார். "திவசச் சாப்பாட்டுக்குப் பிள்ளையள் சாப்பிட்டு முடிஞ்ச பிறகு படம் எடுக்கேலாதோ ஐயா? சின்னப் பிள்ளையள். பசியோடை இருக்கினம்." கூட்டக் குறிப்பில், கவனத்திற் கொள்ளப்படும் என்று நான் எழுதுவித்தேன். எங்கள் சபை கவனத்திற் கொண்ட விடயங்கள் அனைத்தும் ஒரு பச்சைக் கோப்பினுள் நிம்மதியாக உறங்குகின்றன.

அந்த வகுப்பில் என் மகளின் பிள்ளையும் இருந்தாள். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். மருமகன் கொழும்பில். பேத்தியைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வதும் கொண்டுவருவதும் என் வேலை. அவளுடைய கல்வியைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு கொள்கை இருந்தது. மருமகன் ஒவ்வொரு ஞாயிறும் போனில், "இங்கிலீஸ் எழுத்து இருபத்தாறும் வந்திட்டுதோ?" என்று கேட்பார். நான் அவளுக்கு அடக்கமும் பணிவும் வரவேண்டும் என்பேன். பணிவு என்று நான் சொன்னது, பெரியவர் வேண்டாம் என்றதைத் தொடாதிருப்பதை. அதில் அவள் வகுப்பிலேயே முதலாவது. கைகூப்பி இருக்கச் சொன்னால் கோயில் தூணில் செதுக்கிய சிற்பம் தோற்றுப்போகும். செயலாளர் எப்போதும் அவளையே முன்வரிசை நடுவில் இருத்துவார்.

ஆவணியில் வந்தது ஓர் ஆட்டைத் திவசம், அதாவது முதலாம் வருட நினைவு. இறந்தவர் ஊரின் பழைய வியாபாரி, மகன் இலண்டனில். சாப்பாட்டோடு நில்லாமல், தகப்பன் பெயரால் பாடசாலைக்குச் சறுக்குமரமும் ஊஞ்சலும் அமைத்துத் தருவதாகவும் அவர் வாக்களித்திருந்தார். ஆகவே அன்று பதாகை பெரிது, படம் பெரிது, மாலை பெரிது. திவச நாட்களில் பத்து மணிப் பயறு கிடையாது. பன்னிரண்டு மணிக்குத் தட்டுக்களில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், வடை எல்லாம் விழுந்தாயிற்று. பிள்ளைகள் கைகூப்பினார்கள்.

"அண்ணை, லண்டன் வந்திட்டுது," என்றார் செயலாளர், தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டதைச் சொல்வது போல.

போனில் நெற்றி நிறையத் திருநீற்றோடு ஒருவர் தம் குசினியில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "வணக்கம் ஐயா. போனைக் கொஞ்சம் இடக்கைப் பக்கம் திருப்புங்கோ. பிள்ளையள் அப்பாவை மறைக்கினம்."

பிள்ளைகள் நகர்த்தப்பட்டார்கள்.

"சுவிசிலை மாமி இன்னும் வரேல்லை. அவவையும் சேர்த்துப்போட்டுத் தொடங்குவம். பிள்ளையள் இருப்பினம் தானே?"

"அதுக்கென்ன, எவ்வளவு நேரமும் இருப்பினம். பழகின பிள்ளையள்," என்றார் செயலாளர்.

மாட்டுச் சந்தையில் இந்தச் சொல்லை இதே குரலில் கேட்டிருக்கிறேன். அன்று அது என் காதில் உறைக்கவில்லை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இறந்தவரின் தங்கையான மாமி வந்தார், வந்தவர் போய்விட்டார், மறுபடி வந்தார். தீவில் தொடர்பு அப்படித்தான். "வடை எங்கை? வடையைக் காட்டுங்கோ. அண்ணைக்கு வடையெண்டால் உயிர்," என்றார். செயலாளர் ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து வடையை எடுத்துப் போனுக்கு எதிரே பிடித்துக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். சோற்றின்மேல் இலையான் மொய்த்தது. ஆசிரியை விசிறியால் துரத்திக்கொண்டு பின்னால் நடந்தார். நான் பதிகத்தைத் தொடங்கினேன்.

ஏழாம் பாட்டில் இருக்கும்போது என் பேத்தி எழுந்து நின்றாள்.

"அம்மப்பா, இவ வடை தின்னிட்டா. நான் தொடேல்லை."

அவள் பக்கத்தில் இருந்தது ஒரு கடற்றொழிலாளியின் மகள். தகப்பன் அதிகாலையில் தொழிலுக்குப் போனால் தாய் கரையில் வலை தட்டப் போய்விடுவாள். பிள்ளை பல நாட்கள் காலையில் ஒன்றும் உண்ணாமல் வருவது எனக்குத் தெரியும். அவள் கையில் பாதி வடை இருந்தது. மீதி வாயில். அதை மெல்லுவதா, விழுங்குவதா, துப்புவதா என்று அறியாமல், ஒரு கன்னம் உப்பி நிற்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"கெட்டிக்காரி. ஆரின்ரை பிள்ளை அது, எழும்பி நிக்கிறது?" என்று இலண்டன் கேட்டது.

"அண்ணையின்ரை பேத்தி," என்றார் செயலாளர் பெருமையோடு. சொல்லிக்கொண்டே போய், மற்றப் பிள்ளையின் கையிலிருந்த பாதி வடையை வாங்கி அப்பால் வைத்துவிட்டு, வாளியிலிருந்து முழு வடை ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார். படம் குறைவுபடக் கூடாதல்லவா.

அப்போது ஆசிரியை விசிறியைக் கீழே வைத்தார். "பிள்ளையள், சாப்பிடுங்கோ," என்றார்.

ஒரு பிள்ளையும் சாப்பிடவில்லை. இருபத்திரண்டு பேரும் போனைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் படிப்பிப்பவர் இரண்டாம் தடவையும் சொன்னார். கைகள் கூப்பியபடியே இருந்தன. அத்தனை நன்றாகப் படிப்பித்திருந்தோம். அவர் நடந்துபோய்ப் போன் தாங்கியைப் பிடித்துச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். அதன் பிறகே முதலாவது கை சோற்றில் விழுந்தது.

"ஹலோ, ஹலோ. என்ன இது, சுவர் தெரியுது. மாமி, உங்களுக்கும் சுவரோ?"

"ஓமடா, எனக்கும் சுவர்தான்."

நான் எட்டாம் பாட்டை எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நின்றேன்.

அன்று மாலை நடந்ததை மகளிடம் சொன்னேன். எத்தனை பிள்ளைகள் நடுவில் எங்கள் பிள்ளை ஒருத்தி கட்டுப்பாடாக இருந்தாள் என்பதே என் கதையின் சாரம். மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, அவள் காட்டிக்குடுத்ததையோ பெருமையாச் சொல்லுறியள்?" என்று கேட்டாள். பஸ்ஸில் நின்று வந்த களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. இலண்டன் மனம் புண்பட்டுவிட்டது. சுவிஸ் அழுது குரற்செய்தி அனுப்பியிருந்தது. செயலாளர் அதைப் போட்டுக் காட்டினார். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டோம்.

"வீடியோவிலை வந்து மன்னிப்புக் கேக்கட்டும். ஏலாதெண்டால் வேலையை விட்டு நிக்கட்டும், வேறை ஒரு பிள்ளையைப் பாப்பம்," என்றார் செயலாளர். "சொல்லுக் கேக்கிற பிள்ளையாப் பாத்து."

ஒருவர் மட்டும், "நல்லாப் படிப்பிக்கிற பிள்ளை," என்று முணுமுணுத்தார்.

"படிப்பிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? போனையேன் திருப்பினவ?"

மன்னிப்பு, இல்லையேல் விலக்கல் என்ற கடிதத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. என் தமிழின்மேல் அவர்களுக்கு நம்பிக்கை. எனக்கும்தான். சனிக்கிழமை முழுவதும் அதை எழுதினேன். தங்கள் செய்கை கொடையாளர்தம் உள்ளத்தில் ஆறாத வடுவை ஏற்படுத்தியமை குறித்து என்று தொடங்கி, ஒரு வாக்கியத்தை ஒன்பது வரிக்கு மூச்சுவிடாமல் ஓட்டியிருந்தேன். பசித்த பிள்ளையைச் சாப்பிடச் சொன்ன குற்றத்தை அதைவிட மேன்மையான நடையில் எவரும் எழுதியிருக்க முடியாது. கையெழுத்து மட்டும் திங்கட்கிழமை வைப்பதற்கு விட்டிருந்தேன்.

ஞாயிறு பின்னேரம் பேத்தி முருங்கை மரத்தின்கீழ் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தல் மூடிகளில் மணல் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொரு மூடிக்கும் பின்னால் ஒரு கல். கல்லுகளின் நடுவில் அவளுடைய சீலைப் பொம்மை. எதிரே ஏதோ படம் சாத்தி வைத்து அதைச் சுற்றிச் செவ்வரத்தம்பூ இட்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கோயிலில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது எடுத்த என் படம். அலுமாரியின்மேல் இருந்ததை எடுத்து வந்திருக்கிறாள்.

"என்ன விளையாட்டு இது?"

"அம்மப்பா செத்திட்டார்," என்றாள், தலை நிமிராமல். "இண்டைக்குத் திவசம். ஒருதரும் தொடாதேங்கோ."

சவர்க்காரப் பெட்டியொன்றைக் கல்லில் சாத்திப் போனாக வைத்தாள். பிறகு வயிற்றை முன்தள்ளி நின்று, மூக்கால் ஒரு நெடிய இராகம் இழுத்தாள். அது யாருடைய குரல் என்று அறிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இழுப்பின் நடுவே நிறுத்தி, குனிந்து, பொம்மையின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"வாயிலை வைச்சதைத் துப்பு. துப்பு."

"அதுக்கு ஏனம்மா அடிக்கிறாய்?"

"அது கூடாத பிள்ளை. பசிக்குது எண்டு சொல்லுது."

"அப்ப எப்பதான் சாப்பிடலாம்?"

"லண்டன் சொன்னாப் பிறகு," என்றாள். இதுகூடத் தெரியாதா என்பது போல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி இராகத்தை இழுத்தாள். என்னைப்போலவே அவளும் பாட்டைக் குறைப்பவள் அல்லள்.

எட்டு மாதப் பாலர் கல்வி அந்த முருங்கையின்கீழ் முழுமையாக விரிந்து கிடந்தது. இங்கிலீஸ் எழுத்து வந்ததோ என்று கேட்ட மருமகனுக்கு அதைக் காட்டியிருக்கலாம். பணிவு வரவேண்டும் என்ற எனக்குக் காட்டப்பட்டுவிட்டது. செத்தவனுக்கு மாலை, பசித்தவனுக்கு அடி, எங்கோ இருக்கும் ஒருவனிடம் உத்தரவு: எங்கள் சபை ஆறு வருடம் அரும்பாடுபட்டு வளர்த்த குணம் இது. பொம்மைக்கு அழத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. வலைகாரர் வீட்டுப் பிள்ளையும் அன்று அழவில்லை.

மறுநாட் காலை கடிதத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டு பூசைக்குப் போனேன். ஐயர் நைவேத்தியத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரையை இழுத்தார். மணி அடித்தது. நாங்கள் வெளியே நின்றோம். பிறந்த நாள்முதல் இதைப் பார்த்து வந்திருக்கிறேன். இறைவன் அமுது செய்யும் நேரம் திரை போடுவது முறை. அவன் உண்பதை எவரும் பார்ப்பதில்லை; படையல் வைத்தவனும் பார்ப்பதில்லை; பாடுகிறவனும் பார்ப்பதில்லை. பசியே இல்லாதவனுக்கு இத்தனை மரியாதை செய்யத் தெரிந்த நாங்கள், மதிலுக்கு அப்பால் உண்மையாகவே பசித்திருப்பவர்களின் பந்திக்குப் பதாகையும் கட்டிப் போனும் பூட்டினோம். இதைக் கண்டுகொள்ள எனக்கு எழுபத்துநான்கு வயதும், மூக்கால் பாடும் ஒரு பிள்ளையும் தேவைப்பட்டன. என் ஞானத்தின் வேகத்தை எண்ணி நானே நகைத்துக்கொண்டேன். மணி ஓய்ந்து திரை விலகும்போது என் வாயில் பாட்டு வரவில்லை. பக்கத்தில் நின்றவர் தொண்டைக் கட்டோ என்று கேட்டார்.

பாடசாலைக்குப் போனபோது பத்து மணிப் பயறு சுற்றிக்கொண்டிருந்தது. ஆசிரியை என்னைக் கண்டு எழுந்து வந்தார்.

"கடிதமோ ஐயா? தாங்கோ. வாங்கினதுக்குக் கையெழுத்து வைச்சுத் தாறன். பிள்ளையளுக்கு முன்னாலை மட்டும் கதைக்க வேண்டாம்."

"அவசரப்படாதேயும் பிள்ளை. நான் வந்தது வேறை ஒண்டுக்கு. இந்த வாசலுக்கு ஒரு திரை போடவேணும். யன்னலுக்கும். பந்தி நேரம் இழுத்து மூடத் தக்கதா."

அவர் வாசல் நிலையை ஒருமுறை பார்த்தார். "மாசியிலை நான் கேட்டது இவ்வளவு பெரிசில்லை ஐயா," என்றார்.

"ஓம். அது பச்சைக் கோப்பிலை கிடக்கு."

அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரைப் பற்றிய என் மதிப்பு குறைந்திருக்கும். எங்களிடம் நன்றி சொல்லிப் பழகியவர்களை நான் போதியளவு பார்த்தாயிற்று.

வட்டத்தில் கரண்டி என் பேத்தியிடம் வந்திருந்தது. அவளுக்கு அடுத்து இருந்தது வலைகாரர் மகள். பேத்தி மூன்று பயறைக் கரண்டியின் நுனியில் எடுத்து அவள் தட்டில் போட்டாள். மற்றவள் தட்டைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப்போனேன். அறிவுரை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் அது திரும்பிப் போயிற்று. எல்லோரும் காத்திருந்தார்கள், கரண்டி நகராமல் வட்டம் நகராதே. பேத்தி ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி அள்ளினாள். பிறகு, சற்றுக் கோபத்தோடு, மூன்றாவதும். பாதி சிந்தியது. காகத்துக்கும் கிடைத்தது.

கடிதத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை. தலைவரின் கையெழுத்தில்லாமல் ஆசிரியையை விலக்க எங்கள் சபையின் யாப்பு விதிகளில் இடமில்லை. அடுத்த கூட்டத்தில் இனிமேல் பந்தி நேரம் திரை என்றும், படம் வேண்டுமானால் பதாகையைக் கோயில் வாசலில் கட்டிப் பெரியவர்களை வைத்து எடுக்கலாம் என்றும், பதிகத்தில் ஒரு பாட்டு மட்டும், அதுவும் பரிமாறுமுன் என்றும் சொன்னேன்.

"பிள்ளையள் இல்லாத படத்தை ஆரண்ணை பாக்கப்போகினம்?" என்று செயலாளர் கேட்டார். அந்த வழக்கத்தைப் பற்றி இத்தனை நேர்மையாக எவரும் அதுவரை பேசியதில்லை.

திரை தொங்கியது; சறுக்குமரமும் ஊஞ்சலும் பக்கத்து ஊருக்குப் போயின. போய்ப் பார்த்தேன். சறுக்கைக் காட்டிலும் அதில் எழுதிய பெயர் நீளம். எங்கள் ஊரில் இதற்கெல்லாம் காரணம் என் முதுமை என்று முடிவாயிற்று. அண்ணைக்கு முந்தினமாதிரி இல்லை, ஞாபகம் குறைஞ்சுபோச்சு, பூசையிலையே பாட்டை மறந்து நிண்டவர் என்று பரிவோடு பேசிக்கொண்டார்கள். கார்த்திகையில் பொதுக்கூட்டம் வரவிருந்தது. அதற்குமுன் நான் உடல்நலக் குறைவால் தலைமையைத் துறப்பதாக ஒரு தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்தால், செயலாளரே தலைவராகித் தைமாதத்துக்குள் சொல்லுக் கேட்கும் ஒரு பிள்ளையை ஆசிரியையாக நியமித்துவிடுவார். தாளையும் அவரே எழுதிவிட்டார் என்று கேள்வி.

அவர் அதைக் கொண்டுவந்தபோது மத்தியானம். நான் குசினியில் பலகை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பேத்தி முன்னரே சாப்பிட்டு முடித்துவிட்டு வாசலில் இருந்தாள். படலை திறக்கும் ஓசையும், உடனே குசினி வாசற் சீலையை யாரோ வெடுக்கென்று இழுத்து மூடும் ஓசையும் கேட்டன.

"அம்மப்பா நிக்கிறாரோ பிள்ளை?"

"அம்மப்பா சாப்பிடுறார். திரை போட்டிருக்கு. உள்ளை வரேலாது."

"ஒரு சின்னக் கையெழுத்து. ஒரு நிமிச வேலை."

"சாப்பிடேக்கை பாக்கக் கூடாது. ரீச்சர் சொன்னவ."

"நான் பாக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு வாறன்."

"ஏலாது. அங்கை வாங்கிலை இருங்கோ."

வாங்குப் பலகை கிரீச்சிட்டது. அவர் இருந்துவிட்டார். அந்தத் தாளில் நான் ஒப்பமிடப் போவதில்லை என்பதைச் சோற்றைப் பிசையும்போதே முடிவு செய்திருந்தேன். பொதுக்கூட்டத்தில் என்னை இறக்கினால் எல்லோர் முன்னாலும் காரணத்தைச் சொல்லி இறக்கட்டும். ஆனால் அதை எழுந்துபோய் உடனே சொல்வதற்கு என்ன அவசரம் என்று தோன்றியது. மத்தியானத்தில் நான் ஒருபோதும் இரண்டாம்முறை தயிர் ஊற்றிக்கொள்வதில்லை. அன்று ஊற்றிக்கொண்டேன்.

வெளியே செயலாளர் போனை எடுத்திருக்கவேண்டும். பேத்தியின் குரல் மறுபடி கேட்டது.

"போன் பாக்க வேண்டாம். கையைக் கூப்பிக்கொண்டு இருங்கோ."